இங்கிலாந்து வந்ததும் ஜிபி: பதிவு, பத்து நிமிடம், மொழிபெயர்ப்பாளர், புகார்

நானும் மனைவியும் கும்பகோணத்திலிருந்து கவென்ட்ரிக்கு வந்தது 2024 ஜனவரியில். அவளுக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. மூன்று மாதத்துக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தோம், தீர்வதற்குள் இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று நம்பினேன். பார்த்தது ஐந்தாவது மாதம். நடுவில் ஆறு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தாள். அவளுக்கு இருந்த வேறொரு பிரச்சினையும் அதுவரை யார் காதிலும் விழவில்லை. இதில் பெரும்பகுதி என் அறியாமையால் நடந்தது. நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள் என்றால், இல்லை அடுத்த மாதம் விமானம் ஏறுகிறீர்கள் என்றால், இதை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் சில விதிகள் வேறு. அங்கெல்லாம் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே கிடையாது.

முதலில் ஒரு சொல். குடும்ப மருத்துவரை இங்கே ஜிபி என்பார்கள். அவர் உட்காரும் இடத்துக்குப் பெயர் சர்ஜரி. "சர்ஜரிக்கு வாங்க" என்று போனில் கேட்டதும் மனைவி பயந்துபோனாள். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை, அது வெறும் கிளினிக்.

1. ஊரிலேயே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை, பிராண்டு பெயரோடு மூலப்பெயரும் சேர்த்து எழுதி வாங்குங்கள். எல்ட்ராக்சின் என்றால் இங்கே ஓரளவு புரியும், தைரோநார்ம் என்றால் முழிப்பார்கள். லெவோதைராக்சின் இத்தனை மைக்ரோகிராம் என்று இருந்தால் கேள்வியே வராது. டாக்டரின் கையெழுத்தில் கிறுக்கிய சீட்டு இங்கே உதவாது. தட்டச்சு செய்து, அவர் பதிவு எண்ணோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு வருட ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கைப்பையில் கொண்டு வாருங்கள். மாத்திரை மூன்று மாதத்துக்கு இருக்கட்டும், மருந்துச் சீட்டோடு.

2. பதிவு: வந்த முதல் வாரத்திலேயே

உடம்புக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஜிபியிடம் பதிவு செய்ய ஒரு பென்னி கூடச் செலவில்லை. என்ஹெச்எஸ் எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்துச் சர்ஜரிகள் வரிசையாக வரும். புதிய நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்பதும் அங்கேயே இருக்கும். இணையத்திலேயே பதியலாம், காகிதம்தான் வசதி என்றால் சர்ஜரியில் பதிவுப் படிவத்தைக் கேளுங்கள்.

இங்கேதான் நான் விழுந்தேன். முதலில் போன சர்ஜரியில், "முகவரிக்கு ஆதாரம் கொண்டு வாங்க, கரன்ட் பில் இல்லேன்னா பேங்க் ஸ்டேட்மென்ட்" என்றார்கள். நாங்கள் இருந்தது நண்பர் வீட்டு அறை. பில் அவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. சரி, கணக்கு திறந்ததும் வருவோம் என்று திரும்பிவிட்டேன். கணக்கு திறந்து, வீடு மாறி, வேலை ஷிப்ட் மாறி, மாதங்கள் ஓடின.

உண்மை என்ன தெரியுமா? ஜிபியிடம் பதிய முகவரி ஆதாரமோ, அடையாள அட்டையோ, விசா ஆவணமோ, என்ஹெச்எஸ் எண்ணோ கட்டாயமில்லை. இருந்தால் காட்டலாம், பழைய பதிவேடுகளோடு பொருத்தப் பார்க்க அவர்களுக்கு வசதி. இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. பட்டியல் மூடப்பட்டிருந்தாலோ, உங்கள் வீடு அவர்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலோ மறுக்கலாம். அப்படி மறுத்தாலும் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

ஆகவே யாராவது ஆதாரம் கேட்டால், சண்டை வேண்டாம். "என்ஹெச்எஸ் விதிப்படி இது கட்டாயம் இல்லைன்னு படிச்சேன். மறுக்கிறீங்கன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். இரண்டாவது சர்ஜரியில் இதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை; படிவத்தை வாங்கிக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் பத்து இலக்க என்ஹெச்எஸ் எண் கைக்கு வந்தது.

படிவத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்றும், மொழிபெயர்ப்பாளர் தேவை என்றும் எழுதுங்கள். ஆங்கிலம் ஓரளவு வரும் என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

எண் வந்ததும் என்ஹெச்எஸ் ஆப்பைப் போனில் ஏற்றுங்கள். மருந்து மறுபடி கேட்பது, பரிசோதனை முடிவு பார்ப்பது எல்லாம் அதில்தான்.

3. செலவுக் கணக்கு

விசா எடுத்தபோதே மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரி 6 முதல் அது ஆண்டுக்கு 1,035 பவுண்டு; மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 776. அதைக் கட்டியவர்களுக்கு ஜிபியைப் பார்ப்பதும், ரத்தப் பரிசோதனையும், ஜிபி அனுப்பும் மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம்.

மருந்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, மூன்று மருந்து எழுதினால் மூன்று கட்டணம். அடிக்கடி மருந்து வாங்குபவர்கள் முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டிச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம்: மூன்று மாதத்துக்கு 32.05, ஒரு வருடத்துக்கு 114.50, தவணையும் உண்டு. வருடத்தில் 12 மருந்து வாங்கினாலே சான்றிதழ் லாபம்.

ஆனால் அதை எடுக்கும் முன் உங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 16 வயதுக்குக் கீழே, 60 வயதும் அதற்கு மேலும், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினர், கர்ப்பிணிகள், பிரசவித்து 12 மாதம் ஆகாதவர்கள் யாரும் கட்ட வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் மருத்துவ விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் எல்லா மருந்தும் இலவசம், அந்த நோய்க்கு மட்டும் என்றில்லை. சர்ஜரியில் எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கான சான்றிதழ் தனி. மருத்துவச்சியிடம் கேட்டால் போதும்.

இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். நாங்கள் சில மாதம் காசு கட்டிய பிறகு மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார். சான்றிதழ் வரக் காத்திருக்கும் நாளில் பணம் கட்ட நேர்ந்தால், அதே நிமிடத்தில் எஃப்பி57 ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால் தர மாட்டார்கள்; அது இல்லாமல் பணம் திரும்பாது. மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். விலக்கு இல்லாதபோது, இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டால் 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் வரும், கவனம்.

பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள் என்றால்: அவர்களும் ஜிபியை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் மருத்துவமனையில் சேர்த்தால் சுற்றுலா விசாவில் வந்தவர்களிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் அவர்களை விமானம் ஏற்றாதீர்கள்.

4. அப்பாயின்ட்மென்ட் வாங்குவது

ஊரில் போல டோக்கன் வாங்கிக் காத்திருக்க முடியாது. காலை 8 மணிக்குப் போன் திறக்கும், 8.05க்கு நீங்கள் வரிசையில் இருபதாவது ஆள். 2025 அக்டோபர் 1 முதல் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை இணையப் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பது விதி. அவசரமில்லாத விஷயத்துக்குப் படிவமே நல்லது; உட்கார்ந்து யோசித்து எழுதலாம்.

என்ன எழுதுவது? "உடம்பு முடியலை" என்று எழுதினால் இரண்டு வாரம் கழித்து ஒரு போன் வரும். எத்தனை நாளாக, முன்பைவிட அதிகமாகிறதா, எதைக் கண்டு பயப்படுகிறீர்கள், அன்றாட வேலை எது தடைபடுகிறது என்று நாலே வரி எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண் டாக்டர் வேண்டும், இரட்டை நேரம் வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள். வழக்கமான சந்திப்பு பத்து நிமிடம்தான், மொழிபெயர்ப்பு அதில் பாதியைத் தின்றுவிடும்.

ரிசெப்ஷனில் இருப்பவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார். அவர் யார் கேட்பதற்கு என்று எனக்குக் கோபம் வந்ததுண்டு. யாரை நர்ஸிடம், யாரை அன்றே டாக்டரிடம் அனுப்புவது என்று பிரிக்கத்தான் கேட்கிறார். டாக்டரைப் போலவே அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சொல்லக் கூச்சமாக இருந்தால் "அந்தரங்கமான விஷயம்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

தொண்டை வலி, சைனஸ், குழந்தையின் காது வலி, பூச்சிக்கடிப் புண், அக்கி, பெண்களுக்குச் சிறுநீர் எரிச்சல் போன்றவற்றுக்கு மருந்துக் கடையிலேயே மருந்தாளுநர் பார்த்து, தேவையென்றால் ஆன்டிபயாட்டிக் கூடத் தருவார். இரவு, வாரக்கடைசி என்றால் 111 என்ற மருத்துவ உதவி எண். நெஞ்சு வலி, வாய் கோணுவது, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 999 என்ற அவசர எண். இரண்டிலும் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

5. வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் சந்திப்புக்கு நானும் கூடப் போனேன். மனைவிக்கு ஆங்கிலம் புரியும், பேச வராது. அவள் வாயைத் திறக்கும் முன் நானே சொன்னேன்: தைராய்டு மாத்திரை நின்றுவிட்டது, அதனால் சோர்வாக இருக்கிறாள், படியேறினால் மூச்சு வாங்குகிறது. எல்லாம் அந்த மாத்திரை நின்றதால்தான் என்று நான் மனதார நம்பினேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மரியாதையாக, "நீங்க வெளியே உட்காருங்க, போன்ல தமிழ் பேசுறவரைக் கூப்பிடுறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பவில்லையா என்று தோன்றியது. வெளியே உட்கார்ந்திருந்தேன்.

போனில் வந்த பெண் யாழ்ப்பாணத் தமிழ் பேசினாராம். "சொல்லுங்கோ, பயப்படாதேங்கோ" என்றதும் இவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாக மாதவிலக்கில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு. என்னிடம் சொல்லவில்லை, புது நாடு, புது வேலை, நான் வேறு இரவு ஷிப்ட், இதையும் சேர்த்து ஏன் சுமத்துவது என்று. அன்றே ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தது. நான் அறைக்குள் இருந்திருந்தால் தைராய்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், கேட்பது உங்கள் உரிமை. கணவன், மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாரையும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள். பத்து வயதுப் பையன் தன் அம்மாவின் வெள்ளைப்படுதலை மொழிபெயர்ப்பதை நினைத்துப் பாருங்கள். சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார், மொழிபெயர்ப்பவர் பாதியை விழுங்குவார், டாக்டர் மீதியை வைத்து மருந்து எழுதுவார். அன்பால் நடந்தாலும் இது ஆபத்துதான்.

6. அறைக்குள் நடப்பது

"உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்பார். ஊரில் ஒரு டாக்டர் இப்படிக் கேட்டால் அடுத்த தெருவில் வேறு டாக்டரைத் தேடுவோம். இங்கே அது பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது: நோயாளியின் எண்ணம், பயம், எதிர்பார்ப்பு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஜிபி ஆவதற்கான தேர்வில் 12 நோயாளிகளோடு தலா 12 நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். அந்த நோயாளிகளாக நடிகர்கள் வருவார்கள். நோயைக் கண்டுபிடித்ததற்குத் தனி மதிப்பெண், நோயாளியோடு பழகிய விதத்துக்குத் தனி மதிப்பெண். டாக்டர்களுக்கு உரிமம் தரும் ஜிஎம்சி எனப்படும் பொது மருத்துவ மன்றத்தின் விதித்தொகுப்பும், நோயாளியைக் கனிவோடும் மரியாதையோடும் நடத்த வேண்டும் என்கிறது. என் மனைவியிடம் அந்த டாக்டர் காட்டிய பொறுமைக்கு நான் காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன். அது தொழிலில் எதிர்பார்க்கப்படும் அளவுகோல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே அந்தக் கேள்விக்கு "நீங்கதான் சொல்லணும் டாக்டர்" என்று பதில் சொல்லாதீர்கள். "எங்க அத்தைக்குப் புற்றுநோய் வந்தது, அதான் பயம்" என்பதுபோல மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

"வீட்டுல பாதுகாப்பா இருக்கீங்களா? யாராவது பயமுறுத்துறாங்களா?" என்றும் கேட்கலாம், குறிப்பாகக் கர்ப்பிணிகளிடம். உங்கள் குடும்பத்தைச் சந்தேகிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வழக்கமாகக் கேட்பதுதான். கேட்கப்படுபவர்களில் யாரோ ஒருத்திக்கு அது உயிர் காக்கும் கேள்வி.

அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்கும் முன் ஏன், எப்படி என்று விளக்கி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். கூட நிற்கப் பயிற்சி பெற்ற ஒருவரை வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். அவரை ஷாப்பரோன் என்பார்கள். டாக்டர் ஆணோ பெண்ணோ, இது பொருந்தும். வேண்டாம் எனலாம், பெண் டாக்டர் இருக்கும் நாளில் வருகிறேன் எனலாம்.

ஒரே சந்திப்பில் ஐந்து பிரச்சினை சொல்லாதீர்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். கதவில் கை வைத்தபடி "அப்புறம் டாக்டர், மார்ல ஒரு கட்டி மாதிரி..." என்று ஆரம்பிப்பவர்கள் நம்மவர்களில் நிறைய பேர். சளிக்கு ஊசி, ஆன்டிபயாட்டிக் எதிர்பார்த்தும் போக வேண்டாம்; கிடைக்காது.

எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளில் குணமாகிவிட வேண்டும்? என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும்? எது நடந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

முடிவு பற்றிப் போன் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடி என்று எண்ணிவிடாதீர்கள். ஆப்பில் பாருங்கள், சொன்ன தேதியில் தகவல் இல்லையென்றால் கூப்பிடுங்கள். புற்றுநோய் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பினால், இருக்கிறதா இல்லையா என்று 28 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது இலக்கு. அந்த அப்பாயின்ட்மென்ட்டை ஷிப்ட் காரணமாகத் தள்ளிப் போடாதீர்கள்.

புது மருந்து வாங்கும்போது பழைய மருந்தையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர் மருந்தாளுநர்தான். தொடர் மருந்தை, கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே ஆப்பில் கேளுங்கள்.

மனைவியின் பரிசோதனை முடிவைக் கணவன் போன் செய்து கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவள் சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும். 16 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் அப்படியே. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒரே தொந்தரவுக்கு மூன்று முறை போயும் என்னவென்று தெரியவில்லை, அல்லது கூடிக்கொண்டே போகிறது என்றால் "ஜெஸ் விதி" என்று சொல்லுங்கள். ஜெசிக்கா பிரேடி என்ற 27 வயதுப் பெண் இருபது தடவைக்கு மேல் ஜிபி சர்ஜரியை நாடியும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படாமல் 2020 டிசம்பரில் இறந்தார். அவர் பெற்றோர் விடாமல் போராடியதில் 2025 செப்டம்பரில் இந்த விதி வந்தது: மூன்றாவது முறை வருபவரை டாக்டர் புதிதாக வந்தவர் போல எண்ணி, நேரில் பார்த்து, பரிசோதனையோ இன்னொரு டாக்டரின் கருத்தோ தேவையா என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். "இது மூன்றாவது தடவை, ஜெஸ் விதிப்படி மறுபடி பாருங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

வேலைக்குப் போக முடியவில்லை என்றால் முதல் ஏழு நாளுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, நீங்களே எழுதித் தரலாம். அதற்கு மேல் என்றால் சர்ஜரி இலவசமாகத் தரும். பயணக் காப்பீட்டுக் கடிதம் போன்ற மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. முதலிலேயே எவ்வளவு என்று கேளுங்கள்.

8. தவறு நடந்தால்

எந்த டாக்டரின் பெயரையும் ஜிஎம்சியின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். உரிமம் உண்டா, ஜிபி பட்டியலில் இருக்கிறாரா, கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று தெரியும். சர்ஜரிகளைச் சோதிப்பது சிக்யூசி என்ற வேறொரு அமைப்பு. அதன் அறிக்கைகளையும் இலவசமாகப் படிக்கலாம்.

அவமரியாதை, தாமதம், தவறான மருந்து என்று எதுவானாலும் 12 மாதத்துக்குள் புகார் செய்யலாம். சர்ஜரியின் மேலாளருக்கு எழுதலாம். அங்கே எழுதத் தயக்கமென்றால் ஐசிபி எனப்படும் வட்டார சுகாதார வாரியத்துக்கு எழுதலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான், இரண்டுக்கும் அல்ல. பெற்றுக்கொண்டோம் என்று மூன்று வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால் நாடாளுமன்ற, சுகாதார ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். டாக்டர் தொழிலுக்கே தகுதியற்ற விதத்தில் நடந்துகொண்டார் என்றால்தான் ஜிஎம்சி. போன் எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் அங்கே எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதற்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கடிதம் எழுத உதவும் இலவச ஆலோசகர்களும் உண்டு. புகார் கொடுத்ததற்காக உங்களைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

முதல் சர்ஜரியைப் பற்றி நான் எழுதியது ஒரே பக்கம். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், அதனால் எத்தனை வாரம் மாத்திரை இல்லாமல் போனது, இனி என்ன மாற வேண்டும் என்று. திட்டி ஒரு வரி இல்லை. ஐந்து வாரம் கழித்து மேலாளரிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது. ரிசெப்ஷனில் எல்லோருக்கும் பதிவு விதிகளை மறுபடி சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். நீங்கள் எழுதும்போது பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். யார் எப்போது மறுத்தார்கள் என்ற குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு அந்தத் தேதி நினைவில்லை, பேருந்துச் சீட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.